டெண்டருக்கு முந்தின சாயா

பாறசாலைப் பக்கத்துக் கான்டிராக்டர்மார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டெண்டர் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னே மராமத்து ஆபீசுக்கு எதிரே செல்லசாமியின் சாயாக்கடையில் எல்லாரும் கூடுவார்கள். வேலை யாருக்கு என்று பேசி வைத்திருக்கிறார்களோ அவன் சாயா வாங்கித் தருவான். குடித்தவனெல்லாம் விட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம். பிறகு பேருக்கு ஆளுக்கொரு கவர், கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் ரேட் எழுதிப் போடுவார்கள். சர்க்காருக்கு அது போட்டி போலத் தெரியும். நல்ல போட்டி, போங்கள்.

வருஷக்கணக்காகச் சாயா வாங்கித் தருகிறவன் சதாசிவன். செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்துக் குளத்துக்கரையைக் கட்டியதும் அவன்தான். மக்கிப்போன கல்லை வைத்துக் கட்டினான், பாவி. போன மழையில் கரை இடிந்தது. அடியில் சிக்கியது ராஜையா, பாறைக்குழி நடத்துகிற ஞானசிகாமணியின் தம்பி. தோண்டி எடுத்தபோது வாய் நிறைய சேறு. அதை விரலால் வழித்து எடுத்தவன் அண்ணன்தான். இப்போது அதே கரைக்கு மறுபடியும் டெண்டர், மறுபடியும் சதாசிவனின் சாயா.

ஞானசிகாமணி கிளாசை வாங்கினான். எல்லாரும் பார்க்கக் கடையோரத்துச் சாக்கடை ஓடையில் கவிழ்த்தான்.

"இந்தக் கரையை நான் கெட்டுவேன். நல்ல கருங்கல்லு வெச்சாக்கும்" என்றான்.

சதாசிவன் சிரித்தான். அது எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். இந்தத் தாலுகா மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர்வலம், மறியல், தடியடி. ஆபீஸ் வாசலிலும் போலீஸ் நின்றது. சதாசிவனும் போராட்டத்துக்கு நன்கொடை கொடுத்தவன்தான். அதையெல்லாம் அன்றைக்கு யார் நினைத்தார்கள்? ஞானசிகாமணி வாசலை நெருங்கியதும் சதாசிவனின் ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போராட்டக் கோஷம் போட்டார்கள். போலீஸ்மேல் ஒரு கல்லையும் வீசிவிட்டு ஓடினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் இவன் ஒருத்தன்.

போலீஸின் முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்ததில் இடது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. அந்தச் சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தவனின் முகத்தில் பூட்ஸ் கால். பல் உடைந்து தொண்டைக்குள் போயிற்று. சட்டைக்குள் இருந்த கவரை வலது கையால் அமுக்கிக்கொண்டு, குப்புறக் கிடந்து அத்தனை அடியும் வாங்கினான். போலீஸ் மற்றவர்களைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதும், தவழ்ந்து போய்ப் பெட்டியில் கவரைப் போட்டான்.

நேரம் முடிந்ததும் எஞ்சினீயர் ஜெயச்சந்திரன் எல்லார் முன்னாலும் பெட்டியை மேசையில் கவிழ்த்தார். மற்ற கவரெல்லாம் வெள்ளை. ஒன்று மட்டும் சிவப்பு.

சதாசிவன் எழுந்தான். ஆள் யாரென்று காட்டுகிற அடையாளம் கவருக்கு வெளியே இருந்தால் தள்ளிவிட வேண்டும், சட்டம் அப்படி என்றான். இந்த ரத்தம் யாருடையது என்று இங்கே தெரியாதவர் உண்டா என்று கேட்டான். பிரித்தால் கோர்ட்டில் ஸ்டே வாங்குவேன், அடுத்த மழைக்குள் கரை எழும்பாது என்றான்.

அடப்பாவி, அடிக்க வைத்ததும் நீ, ரத்தம் வந்ததைக் குற்றம் சொல்வதும் நீ. ஆனால் சட்டம் அவன் சொன்னபடிதான் இருந்தது. ஜெயச்சந்திரன் நேர்மையான மனுஷன், அதனாலேயே கோர்ட்டுக்குப் பயந்தார். சிவப்புக் கவரை மெதுவாக ஓரத்தில் தள்ளினார்.

சுவரோரம் சாய்ந்து கிடந்த ஞானசிகாமணி எழுந்து மேசைக்கு வந்தான். வாயிலிருந்து வழிந்ததை வலது கையில் ஏந்தி, வெள்ளைக் கவர் ஒவ்வொன்றிலும் பூசினான். சதாசிவன் பாய்ந்து கழுத்தை நெரித்தான். நெரிக்க நெரிக்க ஞானசிகாமணி கடைசிக் கவரிலும் பூசிவிட்டுத்தான் விழுந்தான்.

"இப்போ எல்லாம் ஒண்ணுபோல இருக்கு சாரே. ஆளு தெரியாது. பிரியுங்கோ."

 ஜெயச்சந்திரன் ஓரத்துக் கவரை மற்றவற்றோடு சேர்த்துவிட்டுச் சதாசிவனைப் பார்த்தார்.

"நீர் கோர்ட்டுக்குப் போவும். இந்த ரத்தம் எப்படி வந்துதுன்னு அங்க நானும் சொல்லுவேன். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

சதாசிவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான். கவர்களைப் பிரித்தார்கள். ஞானசிகாமணியின் ரேட்தான் குறைவு.

அடிபட்ட சேதி கேட்டுப் பாறைக்குழி ஆட்கள் கல்லுடைக்கிற கூடமும் கடப்பாரையுமாகச் சாயாக்கடை முன்னால் வந்து நின்றிருந்தார்கள். வெளியே வந்த சதாசிவனுக்கு அவர்கள் வழிவிடவில்லை. ஒடிந்த கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஞானசிகாமணி ஒரு சாயா வாங்கி நீட்டினான்.

"வேலை எடுத்தவன் வாங்கித் தாறது வழக்கமாக்கும். இது ராஜையா பேருக்கு. குடிலே."

கொதிக்கிற சாயா. சதாசிவன் சுற்றிலும் பார்த்தான். கடப்பாரைகள் அசையவில்லை. நாக்கு வெந்து கண்ணில் நீர் வர, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

ஞானசிகாமணி காலிக் கிளாசைத் திரும்ப வாங்கினான். வாங்கினவன் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து, "எலே ராஜையா, எந் தம்பி" என்று வாய்விட்டு அழுதான்.