காதுக்குப் பின்னால் பூச ஒரு க்ரீம்

1

இந்தக் கதை மருந்துக்கடையில் வந்து என்னிடம் மாட்டியது. இருமலுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெண், வெயில் க்ரீம் ட்யூபைத் திருப்பிப் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

கடல் நீலமாக விரிந்து கிடந்த அந்தக் காலையில், அவள்...

வேண்டாம். பயந்து கிடப்பவளுக்குக் கடல் எந்த நிறமானால் என்ன?

படகில் வருகிறவர்களைப் பவளப்பாறைக்குக் கூட்டிப்போய் நீந்தவிட்டு, பாறையை மிதிக்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. படகு ஓட்டுவது கணவன். போன மாதம் அவள் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு மச்சத்தை வெட்டி எடுத்தார்கள். நல்ல மச்சமில்லை, புற்று. வெயில் பட்டால் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் விரல் அடிக்கடி அந்தத் தழும்பைத் தடவிப் பார்க்கிறது.

(தொப்பி போடலாமே என்கிறீர்கள். தொப்பி, பிளாஸ்திரி, எதுவும் நீச்சலில் நிற்கவில்லை. சீசனில் லீவு கேட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். இதையெல்லாம் நானும் எழுதிப் பார்த்துவிட்டேன்.)

3

டாக்டர் சொன்ன ட்யூபின் முன்பக்கம் பவளப்பாறைப் படம், 'கடலுக்குப் பாதுகாப்பானது' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம். பவளத்துக்கு ஆகாது என்று படகில் ஏறுகிறவர்களிடம் அவளே பிடுங்கி வைக்கிற சரக்கு. பாறையின் ஒரு பக்கம் ஏற்கெனவே வெளுத்துக் கிடக்கிறது. இன்னொரு ட்யூப் சிங்க் ஆக்சைடு, கடலுக்கு அவ்வளவு கெடுதலில்லை என்கிறார்கள். ஆனால் கடையிலிருந்த ஒன்றே ஒன்றும் காலாவதியாகிவிட்டது. அது தோலைக் காக்குமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையை விரித்தார். கெஞ்சி அதையும் வாங்கிக்கொண்டாள்.

(நான் நினைத்தால் அலமாரியில் புது ட்யூப் ஒன்றை வைத்துவிடலாம். வைத்தேன். கதை சப்பென்று ஆனது, அடித்துவிட்டேன். அடுத்தவர் பயத்தில் பிழைப்பு நடத்துகிற எழுத்தாளப் புத்தி.)

4

படகில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் முடியை ஒதுக்கி, கணவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு ட்யூபும் அவன் கையில்.

"கடலே சூடேறிக் கிடக்கு. நீ பூசுற பொட்டு க்ரீமா பாறையைக் கொல்லப்போகுது?" என்றான். எதைப் போடட்டும் என்று கேட்டான்.

"ஏதோ ஒண்ணப் போடுங்க. எதுன்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க."

அவன் விரல் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எந்த ட்யூப் என்று நான் எழுதவில்லை. தெரிந்துகொள்ள எனக்கும் தைரியமில்லை. உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.