மேல்வயல் தண்ணீர்

பயிரின் அடியில் பகலிலும் வெளிச்சம் இல்லை.

தண்ணீருக்கு மேல் நாலு விரல் உயரம். எல்லாம் அங்கேதான் நடக்கிறது. எள்ளைவிடச் சற்றுப் பெரிய, பழுப்பு நிறப் பூச்சி. தண்டில் ஊசி இறக்கி உட்கார்ந்திருக்கிறது. அசைவதில்லை. குடிக்கிறது.

மேலே பயிர் பச்சை. காற்று வந்தால் சாய்கிறது. நிமிர்கிறது. மேலே எதுவும் தெரியாது.

கலியமூர்த்தியின் வயலில் தெரிந்துவிட்டது. வயல் நடுவே வட்டமாக ஒரு கருகல். சுடுசட்டியை இறக்கி வைத்து எடுத்தது போல. புகையான் பூச்சி.

அவர் வயல் மேலே. தையல்நாயகியின் வயல் ஒரு சாண் கீழே. நடுவில் ஒரு வரப்பு.

கார்த்திகைக் கடைசி. வானம் மூடியே கிடந்தது. பயிர் சூல் கட்டியிருந்தது. இன்னும் இருபது நாளில் கதிரில் பால் பிடிக்கும். பிடித்தால் வீட்டில் ஒரு வருஷத்துச் சோறு. பிடிக்காவிட்டால் மாட்டுக்கு வைக்கோல்கூட இல்லை.

தையல்நாயகி குனிந்தாள். ஒரு குத்துப் பயிரை இரண்டு கையாலும் விலக்கினாள். உள்ளங்கையால் தட்டினாள். உதிர்ந்தவை தண்ணீரில் மிதந்தன. பூச்சி பதினெட்டு. சிலந்தி ஒன்று.

அடுத்த குத்து. இருபத்திரண்டு. சிலந்தி இரண்டு.

சிலந்தி தண்ணீர்மேல் ஓடியது. தரையில் ஓடுவது போல. ஒரு பூச்சியைப் பிடித்தது. நின்றது.

வரப்பில் அவள் கணவன் சிவசாமி. காலடியில் ஸ்பிரேயர்.

“எத்தன?”

“குத்துக்கு இருவது.”

“அப்பறம் என்னத்த எண்ணிக்கிட்டுக் கெடக்க? மருந்தக் கலக்கவா?”

“சிலந்தி இருக்குங்க. ஒரு மூணு நாளு பொறுங்க.”

“சிலந்தி ஒனக்கு மாமனா, மச்சானா?”

“பசிச்சாத் திங்கப்போவுது. அதுக்கு எதுக்கு ஒறவு?”

அவன் சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

போன வருஷம் வேளாண் துறைக்காரர்கள் வயலிலேயே வகுப்பு எடுத்தார்கள். பதினாலு வாரம். அவள் ஒன்றுகூட விடவில்லை. பூச்சியின் முட்டை தண்டுக்குள் இருக்கிறது. மருந்து அதுவரை போகாது. சிலந்தி வெளியே இருக்கிறது. அதன்மேல் படும். மருந்துக்குப் பிறகு முட்டை பொரியும். அப்போது தின்ன ஆள் இருக்காது.

இதை அவள் அவனுக்கு இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

முதல் நாள், குத்துக்கு இருபது. இரண்டாம் நாள், பத்தொன்பது. சிலந்தியும் குறையவில்லை.

மூன்றாம் நாள் காலை கலியமூர்த்தி மருந்தடித்தார்.

வாடை வரப்பைத் தாண்டி வந்தது. மதியத்துக்குள் மேல்வயல் அமைதியானது. தும்பி இல்லை. தவளை இல்லை. அங்கே நின்ற இரண்டு கொக்கும் எழுந்து கீழ்வயலில் இறங்கின.

பிறகு வடக்கே வானம் கறுத்தது.

மேல்வயல் தண்ணீர் கீழ்வயல் வழியாகத்தான் வடிகாலுக்குப் போகும். வேறு வழி இல்லை. வரப்பில் தண்ணீர் இறங்கும் இந்த மடையை யாரும் அடைத்ததில்லை. பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள்கூட அடைத்ததில்லை.

தையல்நாயகி அடைத்தாள். வைக்கோலைத் திணித்தாள். சேற்றை அள்ளி அப்பினாள். மிதித்தாள். அதன்மேலேயே நின்றாள்.

மழை இறங்கியது.

கலியமூர்த்தி குடை இல்லாமல் வந்தார். கையில் மண்வெட்டி.

“என்ன தங்கச்சி இது? எந்த ஊரு மொற இது?”

“மருந்துத் தண்ணிண்ணே. உள்ள வந்தா சிலந்தி போயிரும்.”

“சிலந்தி போயிருமா?” அவர் வரப்பில் நின்ற சிவசாமியைப் பார்த்தார். “யோவ் மாப்ள, கேட்டியா? எம் பயிரு முழுவிச் சாவலாம். இவ சிலந்திக்குச் சளி புடிக்கக் கூடாது.”

சிவசாமி மேல்வயலைப் பார்த்தான்.

மழை வலுத்தது. மேல்வயலில் தண்ணீர் ஏறியது. பயிரின் முழங்கால் வரை. அவர் சொன்னதும் பொய் இல்லை. நின்றால் அழுகும். விட்டால் இங்கே கொல்லும். ஒரே தண்ணீர்.

“தள்ளு தங்கச்சி.”

“தள்ள மாட்டேண்ணே.”

மண்வெட்டி மேலே போனது. அவள் காலுக்குப் பக்கத்தில் இறங்கியது. ஒரு விரல்கடை தூரம். சேறு அவள் முகத்தில் தெறித்தது.

அவள் நகரவில்லை. அவர் இரண்டாவது வெட்டு வெட்டவில்லை.

மூன்று பேரும் மழையில் நின்றார்கள்.

பிறகு அவள் இறங்கினாள். வரப்பை ஒட்டிய முதல் குத்தைப் பிடித்தாள். பிடுங்கினாள். அடுத்ததைப் பிடுங்கினாள். சூல் கட்டிய பயிர்.

“ஏ, பைத்தியக்காரி,” என்றான் சிவசாமி.

“வரப்போரம் ரெண்டு வரிசைங்க. அதப் புடுங்கிட்டு உள்பக்கம் மண்ணக் கட்டிட்டா வாய்க்காலு. அண்ணன் தண்ணி அது வழியா வடிகாலுக்குப் போயிரும். எதையும் தொடாது.”

அவன் பிடுங்கிய பயிரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கலியமூர்த்தியின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான். வெட்டத் தொடங்கினான்.

அவள் பிடுங்கினாள். அவன் வெட்டினான். கலியமூர்த்தி சற்று நேரம் சும்மா நின்றார். பிறகு குனிந்து, வெறும் கையால் சேற்றை அள்ளி அணைத்தார்.

வெளிச்சம் போவதற்குள் வடிகாலைத் தொட்டார்கள். வடிகால் மூலையில் புது மடை வெட்டினார்கள். அடைத்த மடையைத் திறந்தார்கள். தண்ணீர் பாய்ந்தது. பால்போல வெளுத்து, நுரையோடு.

கடைசிப் பத்தடியில் கரை உடைந்தது.

சிவசாமி உடைப்பில் படுத்தான். முதுகைக் கொடுத்துப் படுத்தான். மற்ற இருவரும் அவனைச் சுற்றி மண் அணைத்தார்கள். அதற்குள் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

கொஞ்சம்தான். எவ்வளவு என்று தண்ணீர் சொல்லாது.

மறுநாள் உடைந்த மூலையில் தட்டினாள். பூச்சி இருந்தது. சிலந்தி இல்லை. நாலாம் நாளும் இல்லை. பத்தாம் நாள் அந்த மூலை மஞ்சளானது. பிறகு கருகியது. ஒரு களம் அளவு வட்டம்.

வட்டத்துக்கு வெளியே தட்டினாள். பன்னிரண்டு. சிலந்தி இரண்டு. நடுவயலில் ஒன்பது. சிலந்தி மூன்று.

வட்டம் அங்கேயே நின்றது. ஒவ்வொரு காலையும் சிவசாமி அதன் விளிம்பில் ஒரு குச்சி நட்டுப் பார்த்தான். குச்சியைத் தாண்டவில்லை.

மேல்வயலில் ஒரு வட்டம் நாலானது.

மார்கழி. முதல் தடவை வெயில் வந்தது. தையல்நாயகி ஒரு மணியை நகத்தால் கிள்ளினாள். வெள்ளையாக ஒரு துளி. விரலில் தடவிப் பார்த்தாள். சிவசாமியிடம் நீட்டினாள். அவன் நக்கிப் பார்த்தான்.

“இனிக்குதுடி.”

வரப்பில் கலியமூர்த்தி வந்தார். முதுகில் ஸ்பிரேயர், நிறைய மருந்தோடு. பம்பு அடிக்கும் பிடியில் கை. பாதி வரப்பில் நின்றார்.

“இது என்ன, மூஞ்சியெல்லாம் நூலு?”

இலை நுனிகளில் சிலந்திக் குஞ்சுகள் ஏறியிருந்தன. கடுகைவிடச் சின்னவை. ஒவ்வொன்றும் ஒரு நூலை விட்டது. காற்று நூலைத் தூக்கியது. நூல் குஞ்சைத் தூக்கியது. வரப்புக்கு மேலே நூறு நூல்கள், வெயிலில்.

“குஞ்சுண்ணே. ஒங்க வயலுக்குக் கெளம்பிருச்சு.”

“நான் கூப்புடலியே.”

“சோறு இருக்குல்ல. அது போதும்.”

அவர் தன் வயலைப் பார்த்தார். நாலு வட்டம். பிடியை அழுத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

மேகம் வந்தது. வெளிச்சம் போனது. நூல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் கன்னத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.