என் எண்ணில் உழைத்தவர்

நான் கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது. அன்று வங்கியில் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், வீட்டுக் கடன் பிரிவில் இருந்த அந்த அம்மாள் என் தாள்களைப் பார்த்துவிட்டுச் சிரித்ததுதான்.

"நீங்க ஒரே ஆள்தானே?" என்று கேட்டார்.

"என்னைப் பாத்தா ரெண்டு ஆள் மாதிரியா இருக்கு?"

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். ஷிப்ட் வேலை செய்கிறவர்களின் சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால், ஆறு மாத ஷிப்ட் விவரத்தை வேலையிடத்திலிருந்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். நான் உறையைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

"பன்னெண்டாம் தேதி காலை ஆறுலேர்ந்து ரெண்டு வரைக்கும் துவைக்கிற பகுதியில இருந்திருக்கீங்க. அதே நாள் எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இஸ்திரிப் பகுதியிலயும் இருந்திருக்கீங்க. இப்படி மாசத்துல பதினஞ்சு நாள். இதை நான் மேல அனுப்பினா, பொய்க் கணக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த அரை ஷிப்டைக் கழிச்சுட்டா உங்க வருமானம் பத்தாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது தாள்களை வாரிக்கொண்டு எழுந்தேன். இஸ்திரிப் பகுதியில் வேலை செய்கிறவர் என் அத்தை.

அத்தை என்றால் என் மாமியார். ஆஸ்பத்திரி விரிப்புகளையும் உடுப்புகளையும் வெளுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. எனக்குக் காலை ஷிப்ட், அவருக்கு மதிய ஷிப்ட். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகன், என் கணவன், வேறொருத்தியோடு வாழப் போனான். அன்று அத்தை பெட்டி கட்டியதைப் பார்த்து, இவரும் போகப் போகிறார் என்று நினைத்தேன். பெட்டிக்குள் இருந்தவை அவனுடைய சட்டைகள். அதை வாசலில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இன்னைக்கு யார் சமைக்கிறது?" என்று கேட்டார். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றும் அதையேதான் கேட்டார்.

நாங்கள் குடியிருக்கிற இரண்டு அறை வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். இந்த மாதக் கடைசிக்குள் கடன் கிடைத்தால் வீடு எங்களுக்கு. இல்லையென்றால் சட்டிபானையோடு தெருவில்.

வங்கியிலிருந்து நேரே சலவைக்கூடத்துக்குப் போனேன். மதிய ஷிப்ட் தொடங்கியிருந்தது. அத்தை மேஜைக்கு முன்னால் சூடான விரிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். கூட மடிக்கிறவள் இன்னும் வரவில்லை.

"நல்ல நேரத்துல வந்தே. பிடி" என்று இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார்.

சண்டை போட வந்தவள் பிடித்துக்கொண்டேன். கை பழகிய வேலை.

"இஸ்திரிப் பகுதியில என் எண்ணைக் கொடுத்து வேலை செஞ்சது யாரு?"

எங்கள் கூடத்தில் ஆளுக்கு ஓர் எண். ஆள் குறைகிற நாளில் யார் வந்தாலும், எண்ணைச் சொன்னால் சூப்பர்வைசர் எழுதிக்கொள்வார். இரண்டு பகுதிக்கும் வெவ்வேறு கட்டடம், வெவ்வேறு பதிவேடு. மாதக் கடைசியில் அலுவலகத்தில் கூட்டிப் போடுவார்கள்.

அத்தை தன் முனைகளை இழுத்துப் பிடித்தார். விரிப்பை நீளவாக்கில் மடித்தோம்.

"பஞ்சப்படி ஏத்திட்டாங்க, அதான் உனக்குச் சம்பளம் கூட வருதுன்னு சொன்னீங்க. முட்டிவலிக்குக் காலையில பயிற்சிக்குப் போறேன்னு சொன்னீங்க. நானும் முட்டாள் மாதிரி, பயிற்சிக்குப் போனா வலி குறையணுமே, உங்களுக்குக் கூடுதேன்னு கேலி பண்ணிட்டு இருந்தேன்!"

"கத்தாதே. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்!"

விரிப்பை மடிக்க வேண்டுமானால் இருவரும் எதிரெதிரே நடந்து வர வேண்டும். முனையோடு முனை சேர்த்தபோது அவர் முகம் என் முகத்துக்கு அருகே இருந்தது. அவ்வளவு அருகில் நின்று யாரிடமும் கத்த முடியாது.

"உன் சம்பளம் மட்டும் பத்தாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கடன் கேக்கலாம்னு நான் சொன்னப்ப ஏன் முடியாதுன்னீங்க?"

"என் பேர் பத்திரத்துல ஏறினா, என் காலத்துக்கப்புறம் என் பங்குன்னு அவன் வந்து நிப்பான். பெத்தவ எனக்குத் தெரியாதா? உன்னை ஒரு தடவை நடுத்தெருவுல விட்டது போதும். அந்த வீடு முழுசா உன்னுதா இருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் இறங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் பத்து விரிப்புகள் மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் நின்று, ஆறு மாத அரை ஷிப்ட்களை அத்தையின் எண்ணுக்கு மாற்றிப் புதுக் கடிதம் வாங்கினோம். சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் வறுத்தெடுத்தார். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் அதிசயமாக வாயைத் திறக்கவில்லை.

வங்கி அம்மாளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ரெண்டு வருமானமும் சேர்ந்தா தாராளமா கிடைக்கும். கடன்ல ரெண்டு பேர், பத்திரத்துல ஒருத்தர்னு செய்யலாம்" என்றவர், அத்தையின் பக்கம் திரும்பினார். "ஆனா நல்லா யோசிங்கம்மா. வீட்ல ஒரு செங்கல்கூட உங்களுக்குச் சொந்தமில்ல. தவணை தவறினா மட்டும் உங்களையும் கேப்போம்."

"கடன் என்னுது, வீடு அவளுது. அவ்வளவுதானே? எங்க கையெழுத்துப் போடணும்?"

"யாரும் எங்கயும் போட வேணாம்!" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். "இவங்க அந்த வீட்டுல இருக்கலாம்னு எழுத்துல இருக்கணும். நாளைக்கு எனக்கு மூளை பெரண்டு நானே போகச் சொன்னாலும் இவங்க போகக் கூடாது. அப்படித் தாள் இருந்தாக் கொடுங்க, இல்லேன்னா வீடே வேணாம்."

"என்னடி பேச்சு இது?" என்றார் அத்தை.

"நீங்க சும்மா இருங்க."

குடியிருக்கும் உரிமைக்குத் தனித் தாள் இருந்தது. பத்திரத்தோடு அதையும் பதிவு செய்யலாம், அது அத்தைக்குப் பிறகு பிள்ளைக்குப் போகிற சொத்து இல்லை என்று அந்த அம்மாள் விளக்கினார். என் பெயர், அத்தையின் பெயர், வீட்டு எண் எல்லாம் எழுதினேன். கடைசியில், எந்தத் தேதி வரை என்று ஒரு கட்டம் இருந்தது.

பேனா நின்றுவிட்டது. கோபத்தில் ஆயிரம் தடவை 'எங்கேயாவது போங்க' என்று சொல்லியிருக்கிறேன். அவர் இல்லாத வீட்டை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தேன். கண் நிறைந்து கட்டம் மறைந்தது.

அத்தை எட்டிப் பார்த்தார். "அந்தத் தேதி எனக்கே தெரியாதே. அவ எப்படிம்மா போடுவா?"

"ஆயுள் முழுக்கன்னு எழுதுங்க, போதும்" என்றார் வங்கி அம்மாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

எழுதத் தொடங்கினேன்.

"கொஞ்சம் பெரிசா எழுது" என்றார் அத்தை. "கண்ணாடி இல்லாமயும் நான் படிக்கணும்."