'அக்கறை இல்லை' என்று எழுதினேன்

1

இந்தக் கதை நான் எழுதிய இரண்டு சொற்களிலிருந்து பிறந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மதிப்பெண் அட்டையில் 'அக்கறை இல்லை' என்று எழுதினேன். நான் அவளுடைய ஆசிரியை. கதை எழுதுவதெல்லாம் விடுமுறையில்தான். அச்சில் வந்த என் கதைகள் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. இந்த இரண்டு சொற்கள் ஒரு வீட்டையே அழவைத்தன.

2

முதல் தொடக்கம்: கதிரவன் தன் பொற்கரங்களால் மலையைத் தழுவிய அந்த இனிய

(வேண்டாம். அந்த நேரத்தில் அவள் மலைக்குள் இருந்தாள்.)

இரண்டாம் தொடக்கம்: முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். எழுப்பினால் இருமுவாள். முடியிலும் இமையிலும் ஏதோ மின்னும். வகுப்பில் அவளுக்குப் பெயர் மினுக்கி. "படிக்க வர்ற பிள்ளைக்கு எதுக்கு இந்த அலங்காரம்? போய் மூஞ்சியக் கழுவு" என்று நானே விரட்டியிருக்கிறேன். மறுபேச்சில்லாமல் கழுவிவிட்டு வந்தாள்.

இது இருக்கட்டும்.

3

அவள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையை மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும். 'கெட்டிக்காரி' என்று படித்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? (நானாக இருந்தால் அப்படித்தான் படித்திருப்பேன்.) அவள் உள்ளதை உள்ளபடி படித்தாள். மறுநாளே அம்மா வந்துவிட்டார்.

"இவளா அக்கறை இல்லாதவ டீச்சர்? விடியறதுக்குள்ள என்கூடக் குழியில எறங்கறா. ரெண்டு கூடை காக்காப்பொன் பொறுக்கிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாம இங்க ஓடி வர்றா."

காக்காப்பொன் என்றால் மைக்கா. ஏடு ஏடாக உரியும் கல். அதன் தூள்தான் இமையில் மின்னியது. குழியின் கல்தூசு நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இவ அப்பா?"

"அதே தூசியில அவருக்கு நெஞ்சு போச்சு. படுத்துட்டாரு."

(இந்த இடத்தில் முதலாளிகளைச் சாடி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அம்மா அதுவரை நின்றுகொண்டே இருப்பது அப்புறம்தான் உறைத்தது. பத்தியை அடித்துவிட்டு நாற்காலி போட்டேன்.)

4

மூவரும் மருத்துவரிடம் போனோம். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பவே நிறுத்தினா தேறிடுவா. தூசிப் பக்கமே விடாதீங்க."

இனி அவளைக் குழிக்குக் கூட்டிப்போவதில்லை என்று அம்மா சொன்னார்; சொன்ன சொல் தவறவில்லை. பன்னிரண்டு நாள் அவள் குழிக்குப் போகவில்லை. வகுப்பில் தூங்கவில்லை. ஒருநாள் பின்னக் கணக்கொன்றைப் பலகையில் போட்டுக்காட்டினாள், எல்லோரும் கைதட்டினோம். (கதையை இங்கேயே முடித்துப் பார்த்தேன்: 'அன்று முதல் அவள்')

பதின்மூன்றாம் நாள் அவள் இடம் காலி.

5

மாலையில் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அப்பா சுவரில் சாய்ந்து மூச்சோடு போராடிக்கொண்டிருந்தார். அவள் இமையில் மறுபடி மினுமினுப்பு.

"ஏன் கண்ணு, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல டீச்சர். நான் நின்னதும் அம்மா தங்கச்சியக் கூட்டிட்டுப் போனாங்க. அப்பா மருந்துக்காக இப்ப பொழுதுக்கும் பொறுக்கணும், பள்ளிக்கூடம் வர முடியாது. அவ ரெண்டாங்கிளாஸ். இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. விட்டா மறந்துடுவா. எனக்கு மறக்காதுல்ல?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ரெண்டும் என் கண்ணுதான் டீச்சர்," என்றார் அவர். "எந்தக் கண்ணுல சுண்ணாம்பு வைக்கச் சொல்றீங்க?"

6

அக்கா பள்ளியில், தங்கை குழியில்: ஒரு முடிவு. தங்கை பள்ளியில், அக்கா குழியில்: இன்னொன்று. இருவரும் பள்ளியில் இருக்கும் மூன்றாவது முடிவை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அதற்கு அப்பாவின் தூசி நோய்க்கான அரசு உதவித்தொகை வர வேண்டும். மனு கொடுத்திருக்கிறோம்; "பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த மூன்றாவதை எழுத உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால், இந்தப் பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

நான் முடிக்கப்போவதில்லை. பள்ளி விட்டதும் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய் அன்றைய பாடத்தைச் சொல்லித்தருகிறேன். நேற்று நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. நிறுத்தினேன்.

"ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?" என்றாள். "அது பாட்டுக்கு வரட்டும். நீங்க சொல்லுங்க."