சார் படிக்காத மதிப்புரை

துறையில் அவருக்குக் கையெழுத்து சார் என்று பெயர். பதினெட்டு வருடங்களில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் வேறு எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை. மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் அவர் பெயர்தான் முதலில் வரும். அடுத்தது அவர் மனைவி பெயர். அந்த அம்மா வேறொரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர்; வேதியியல் ஆய்வகத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குடுவை கழுவி, கண் பூத்து எழுதியவர் பெயர் கடைசியில் வரும்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஒரு மாணவிக்கு அது நான்காவது வருடம். சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து சிவப்புச் சாயத்தைச் சுட்ட களிமண் எவ்வளவு உறிஞ்சும் என்பது அவள் ஆராய்ச்சி. ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையோ ஐந்து மாதமாக அவர் மேசையில் தூங்கியது. அதன்மேல் டீ டம்ளர் வைத்த வட்டங்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

ஒரு நாள் கூப்பிட்டார். பெரிய ஆய்விதழ் ஒன்று யாரோ எழுதிய கட்டுரையை வெளியிடலாமா என்று மதிப்பிடச் சொல்லி அவருக்கு அனுப்பியிருந்தது.

"நாலு வரி எழுதி என் பேர்லயே அனுப்பிடும்மா. பாஸ்வேர்டு தெரியும்ல?"

"நீங்க படிச்சிட்டீங்களா சார்?"

"எனக்கு எங்க நேரம்?" என்றபடி செல்போனில் சீட்டாட்டத்தைத் தொடர்ந்தார்.

உட்கார்ந்து படித்தாள். அதே சாயம், அதே களிமண். ஆனால் அவளால் முடியாத ஒன்றை அவர்கள் முடித்திருந்தார்கள். ஒரே மண்ணைக் கழுவி ஏழு முறை பயன்படுத்தியிருந்தார்கள். திரும்பப் போய்ச் சொன்னாள்.

"நம்ம வேலைதான் சார். நம்மளவிட நல்லா பண்ணியிருக்காங்க."

அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். "குறை எழுதித் தள்ளிவிடு. அந்தக் கழுவுற முறைய நம்ம கட்டுரையில சேர்த்துக்க. நம்மது முந்திடும்."

"அது திருட்டு இல்லையா சார்?"

"நாலு வருஷம் ஆச்சு, இன்னும் பச்சப்புள்ளையாவே இருக்கியே."

அதுவரை அவர் வந்தாலே அவள் எழுந்து நிற்பாள். அன்றோ, இந்த ஆளுக்காகவா இத்தனை நாள் எழுந்து நின்றோம் என்றுதான் தோன்றியது.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள்.

"அவர் சொல்றபடி செஞ்சா பட்டம் வந்துடுமா?" என்றாள் அக்கா.

"வந்துடும்."

"அப்புறம் உன்கிட்டயும் ஒருத்தி வந்து நிப்பா. அவளுக்கும் இதையே சொல்லிக்குடு."

மூன்று பக்கத்துக்கு மதிப்புரை எழுதினாள். இரண்டு பிழைகளைக் காட்டி, திருத்திவிட்டு அவசியம் வெளியிட வேண்டும் என்று முடித்து, அவர் பெயரிலேயே அனுப்பினாள். "அனுப்பிட்டேன் சார்" என்றபோது, என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை.

சில மாதங்களில் அந்தக் கட்டுரை வெளிவந்தது; சார் அதைக் கவனிக்கவில்லை. அந்த வருடத்தின் சிறந்த மதிப்புரை என்று சாருக்குச் சான்றிதழும் வந்தது. சட்டம் போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டிக்கொண்டார். பாராட்டுக் கூட்டத்தில், மதிப்பீடு ஒரு தவம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

மறுநாள் தன் கட்டுரையோடு போனாள். வெளிவந்த அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி, களிமண்ணைச் சுடும் வெப்பத்தைப் பற்றி மட்டும் புதிதாக எழுதியிருந்தாள். அவள் பெயர் முதலில் இருந்தது. அவர் பெயர் இரண்டாவது.

"மேடம் பேரு?"

"மேடம் என்ன வேலை பண்ணாங்கன்னு இதழ்ல கேக்குறாங்க சார். நீங்களே ஒரு வரி சொல்லுங்க, எழுதிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த மதிப்புரையையும் ஒரு தடவ படிச்சிப் பாருங்க. கட்டுரையை ஏத்துக்கணும்னு எழுதியிருக்கீங்க."

அவர் முகம் வெளுத்தது. நாற்காலிக்கு மேலே இருந்த சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரி, அனுப்பு" என்றார்.

பதினோரு மாதம் கழித்து, நடுத்தரமான ஓர் இதழில் ஆறு பக்கத்துக்கு அது வெளிவந்தது. சார் அதையும் படிக்கவில்லை. ஆனால் முந்திக்கொண்ட அந்தக் கட்டுரையை எழுதிய பெண் படித்துவிட்டு, எந்தச் சூட்டில் மண் விரிசல் விடுகிறது என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இவள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.