கம்பெனிக் கைகள்

அந்தப் படக் கம்பெனியில் புதிதாக நடிக்க வருகிற பெண்கள், தங்கள் கைகளைக் கழற்றி காஸ்ட்யூம் அறையில் கொடுத்துவிட்டுத்தான் காமிரா முன்னால் போவார்கள். புதுமுகங்களுக்கு வசனம் வந்துவிடும், அழுகைகூட வந்துவிடும். கைகளை என்ன செய்வது என்பதுதான் வராது. அதனால் கம்பெனியே நன்றாகப் பழகிய கைகளை ஜோடி ஜோடியாக வைத்திருந்தது.

கோவில்பட்டியிலிருந்து வந்த முப்பிடாதிக்கு இதில் வருத்தமே இல்லை. பத்தொன்பது வயது, தேவைக்கு மேல் உயரம், சும்மா இருக்கத் தெரியாத கைகள். பள்ளிக்கூட நாடகத்தில் பாரதமாதாவாக நின்றபோது கொடிக்கம்பத்தைத் தலைமையாசிரியர் மேல் சாய்த்த கைகள் அவை. காஸ்ட்யூமர் மாசிலாமணியிடம் கொடுத்தபோது தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள்; திரும்பக் கேட்கவும் இல்லை.

கம்பெனிக் கைகள் தொழில் தெரிந்தவை. அறைய வேண்டிய கன்னத்தில் அறைந்தன, மை கலையாமல் கண்ணீரைத் துடைத்தன. முதல் படம் சுமார். இரண்டாவது படத்தில் மழையில் அவள் குடை விரிக்கிற காட்சிக்காகவே ஜனம் திரும்பத் திரும்ப வந்தது. முப்பிடாதி, தன்விகா ஆனாள். நாலு வருஷத்தில் சோப்பு உறையிலிருந்து பஸ்ஸின் முதுகுவரை அவள் முகம்தான்.

அதற்கப்புறம் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அம்மா தன்னோடு வந்து தங்க வேண்டும். அதற்காகவே வளசரவாக்கத்தில் தென்னை மரம் உள்ள வீடாகத் தேடி வாங்கினாள். அம்மாவும் வந்தாள்.

வந்த உடனே முப்பிடாதி காப்பி ஆற்றிக் கொடுத்தாள். அம்மா டம்ளரை வாங்காமல் கைகளைப் பார்த்தாள்.

“யாரு கைட்டி இது?”

“கம்பெனிக் கைம்மா.”

“ஒங் கை எங்க?”

“கம்பெனியிலதான் இருக்கு.”

“அப்ப அத மாட்டிக்கிட்டு வா. ஊரான் கையால காப்பி குடிக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?”

அம்மா தன் துணிப்பையைப் பிரிக்கவே இல்லை.

சனிக்கிழமை முப்பிடாதி காஸ்ட்யூம் அறைக்குப் போனாள். அவள் கைகள் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தன. சும்மா கிடந்தால் எதையாவது தள்ளிவிடுகின்றன என்று மாசிலாமணிதான் ஊசியைக் கொடுத்திருந்தார். பழகப் பழகத் தேறிவிட்டன. இப்போது யூனியனில் உறுப்பினர்கள்.

“எடுத்துனு போங்க மேடம். திங்கக்கெழம காலைல அனுப்பிடணும், நாலு டஜன் ஜாக்கெட் நிக்குது” என்றார் மாசிலாமணி.

அவள் தன் கைகளை மாட்டிக்கொண்டு, கம்பெனிக் கைகளைப் பையில் போட்டு எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி காப்பி ஆற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அம்மாவின் முந்தானைக் கிழிசலைக் கண்டதும் கைகள் தாமாகவே ஊசி தேடின. எதையாவது தட்டிவிடுங்களேன் என்று முப்பிடாதி மனதுக்குள் கெஞ்சினாள். கைகள் மேசையைத் துடைத்துச் சுத்தமாக்கின.

“இதும் ஒன்னுது இல்லட்டி” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. “நான் பகல் ரயிலுக்குப் போறேன்.”

“இருந்துட்டுப் போயேம்மா. ஒனக்காகத்தான இந்த வீடு.”

அம்மா தோள்களைக் குலுக்கித் தன் கைகளை இறக்கி மேசைமேல் வைத்தாள். தீக்குச்சி மருந்து வாடை இன்னும் போகாத, கறுத்த விரல்கள்.

“இத வெச்சுக்க. காமிராவெல்லாம் பாத்ததில்ல, சொன்ன பேச்சும் கேக்காது. எனக்கு அந்தக் கம்பெனிக் கைய மாட்டி விடு. ஊர்ல போயி சும்மாதான இருக்கப்போறேன்.”

முப்பிடாதி அம்மாவின் கைகளை மாட்டிக்கொண்டாள். தையல் கைகளைத் திங்கட்கிழமை டிரைவர் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடாயிற்று.

எழும்பூரில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கூட்டம் கூடிவிட்டது. தன்விகாவின் கைகளைத் தெரியாதவர்கள் உண்டா? நோட்டுகள் நீண்டன, டிக்கெட்டுகள் நீண்டன. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒவ்வொன்றிலும் ‘அன்புடன் தன்விகா’ என்று சுழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிளாட்பாரத்தில் நின்ற முப்பிடாதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயில் நகர்ந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவின் கைகள் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, அவளைத் தூக்கி அவள் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, வெளியே ஆட்டோ பேசப் போயின.