ஆற்றுக் கல்

ஆக்லாந்தில் பள்ளிக்கூடங்கள் துரத்திவிட்ட பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று ஹாங்கி: குழியில் பழுக்கக் காய்ச்சிய கற்களின்மேல் இறைச்சியை வைத்து மண்மூடி வேகவைப்பது. எந்த வேலைக்கும் அசையாத என் மாணவி மராமா, நான் வருவதற்குள் தானே கல் சுமந்து வந்து அடுக்கி, தீயும் மூட்டி, பெருமையாகப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

குழிக்குள் 'டிக்' என்றது. சட்டென்று மராமாவிடம் திரும்பினேன்.

"ஏய், கல்லு எங்கேர்ந்து எடுத்த?"

"ஆத்துலேர்ந்து, மிஸ். வழவழன்னு சூப்பரா இருந்துச்சு."

ஈரம் குடித்த ஆற்றுக்கல் சூட்டில் வெடிக்கும்.

"எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தி, அவளை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். குழி வெடித்தது. அவள் குந்தியிருந்த இடத்தில் ஒரு கல் சில்லு புகைந்துகொண்டிருந்தது.

மராமா அதைப் பார்க்கவேயில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கேர்ந்தும் தொரத்திடுவீங்களா, மிஸ்?"